வன்பொருள் ஆதரவு அட்டவணையை எப்படிப் படிப்பது?

கேள்வி: என்னிடம் எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் இருக்கிறது. அதில் லினக்ஸ் போட்டுக்கொள்ள ஆசை. ஆப்பிள் சிப் உள்ள மேக்குகளில் லினக்ஸை ஓடவைக்கும் அசாஹி லினக்ஸ் திட்டத்தார் வைத்திருக்கும் வன்பொருள் ஆதரவு அட்டவணையைச் சில மாதங்களாகப் பார்த்துவருகிறேன். சில கட்டங்களில் 6.2 என்பதுபோல ஓர் எண், சிலவற்றில் ‘லினக்ஸ்-அசாஹி’, சிலவற்றில் ‘வேலை நடக்கிறது’, இன்னும் சிலவற்றில் ‘பின்னர் அறிவிக்கப்படும்’. எனக்கு வெளித்திரை, மைக், மூடிவைத்தால் ஒழுங்காகத் தூங்குவது ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். எப்போது மாறலாம் என்பதை இந்த அட்டவணையை வைத்துக் கணிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். ஆனால் அந்த அட்டவணை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது டெவலப்பர்களின் கணக்கு ஏடு. நிரல் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு கட்டமும் சொல்கிறது. நீங்கள் கேட்பது வேறு: என் வேலை நடக்குமா?

எண் இருந்தால், லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிடும் மெயின்லைன் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியின் அதிகாரபூர்வ வடிவம்) அந்த டிரைவர் (ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்) முதன்முதலில் சேர்ந்த பதிப்பு அது. ‘லினக்ஸ்-அசாஹி’ என்றால் நிரல் எழுதியாகிவிட்டது, ஆட்கள் பயன்படுத்துகிறார்கள், ஆனால் திட்டத்தின் சொந்தக் கெர்னலில் மட்டும். ‘வேலை நடக்கிறது’ என்றால் யாரோ ஒருவருடைய மேசையில் பாதி ஓடுகிறது. ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்பதை இன்னும் யாரும் கைவைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண் உள்ள கட்டம் நல்லது, ‘லினக்ஸ்-அசாஹி’ என்ற கிளைப்பெயர் உள்ள கட்டம் அரைகுறை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஆப்பிள் சிப்களின் ஜிபியு (கிராபிக்ஸ் செயலி) டிரைவரைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஜிஎல் 4.6 என்ற கிராபிக்ஸ் தரத்துக்கான சான்றிதழ் பெற்றது. அதே ஆண்டு வல்கன் 1.3 என்ற இன்னொரு கிராபிக்ஸ் தரத்துக்கான சான்றிதழும் வந்தது. அவ்வளவு முதிர்ந்த நிலையிலும் அதன் கெர்னல் பகுதி மெயின்லைனில் இல்லை, திட்டத்தின் கிளையில்தான் இருந்தது. இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 2021 ஜூனில் வந்த 5.13 பதிப்பில் எம்1 சிப்புக்கான ஆதரவு முதன்முதலாகச் சேர்ந்தது. ‘லினக்ஸ் எம்1-இல் ஓடுகிறது’ என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். ஓடியது என்னவோ உண்மை. கணினி துவங்க வேண்டிய அடிப்படைகள் மட்டும்: இன்டரப்ட் கன்ட்ரோலர், டைமர், சீரியல் போர்ட், திரையில் படம் காட்ட ஓர் எளிய ஃப்ரேம்பஃபர், ஏறத்தாழ அவ்வளவுதான். அதை வைத்து ஒரு கடிதம்கூட அடிக்க முடியாது.

ஆக, முதிர்ச்சியை ஒரே கோட்டில் அளக்க முடியாது. நிரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது, நாளைக்கு உடைந்தால் யார் சரிசெய்வார்கள் என்று மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. அட்டவணை முதல் கேள்விக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லும்.

அந்த முதல் கேள்வியும் உங்களுக்கு முக்கியமா என்பது நீங்கள் போடப்போகும் டிஸ்ட்ரோவை (கெர்னலோடு மற்ற மென்பொருளையும் சேர்த்துத் தரும் லினக்ஸ் தொகுப்பை) பொறுத்தது. ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ் போடுவதாக இருந்தால் அதில் வருவது திட்டத்தின் கெர்னல்தான். எண் உள்ள கட்டமும் கிளைப்பெயர் உள்ள கட்டமும் உங்களுக்கு ஒன்றே. டெபியனை அதன் சொந்தக் கெர்னலோடு ஓட்டப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது எண் மட்டுமே கணக்கு. டெபியன் 12-இன் கெர்னல் 6.1. அட்டவணையில் 6.2 என்று இருப்பது அதில் கிடையாது. ஏற்கெனவே வெளியான நிலையான பதிப்புகளுக்குப் பிழைத்திருத்தங்களும் ஒரு சாதனத்தின் அடையாள எண்ணைச் சேர்ப்பதுபோன்ற சிறு மாற்றங்களும்தான் பின்னோக்கிப் போகும். முழு டிரைவர் அப்படிப் போகாது.

சரி, உங்கள் மூன்று தேவைகளுக்கு வருவோம்.

வெளித்திரைதான் இருப்பதிலேயே சிக்கலானது. உங்கள் மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளை கிடையாது. படம் யூஎஸ்பி-சி வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அட்டவணையில் அது ஒரே ஒரு வரி. உள்ளே எத்தனை பேர் கைகோக்க வேண்டும் என்று பாருங்கள்: திரையை நிர்வகிக்கும் துணைச் செயலி, அதே கம்பிகளில் யூஎஸ்பி, டிஸ்ப்ளேபோர்ட், தண்டர்போல்ட் மூன்றையும் மாற்றி மாற்றி அனுப்பும் பகுதி, எந்தத் திரைச் சமிக்ஞை எந்தத் துளைக்குப் போக வேண்டும் என்று திருப்பிவிடும் சுவிட்ச், கேபிளைச் செருகியதும் எதிர்முனையோடு பேரம் பேசும் பவர் கன்ட்ரோலர். நாலு டிரைவர்களில் மூன்று தயாராக இருந்தாலும் பயனருக்குக் கிடைப்பது கறுப்புத் திரை. அசாஹியின் முதல் ஆல்ஃபா வெளியீடு 2022 மார்ச்சில் வந்தது. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் யூஎஸ்பி-சி வழித் திரை எல்லோருக்குமான வெளியீட்டுக்கு வரவில்லை. அதே காலத்தில் மேக் மினியின் எச்டிஎம்ஐ துளையில் படம் வந்துகொண்டிருந்தது. வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. பாகங்கள் தனித்தனியே முன்னேறிக்கொண்டிருந்தன, கட்டம் மட்டும் அசையவில்லை. நீங்கள் மாதாமாதம் பார்த்தும் மாற்றம் தெரியாததற்கு இதுவே காரணம். கட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதன் பாகங்கள் என்னென்ன என்று கண்டுபிடித்து, அவற்றைத் தனித்தனி வரியாக எழுதிப் பின்தொடருங்கள்.

மைக் வேறு ரகம். இங்கே கெர்னல் வேலை பாதி, பயனர்தள மென்பொருள் (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்கள்) மீதி. இந்த மடிக்கணினிகளில் மூன்று மைக்குகள் வரிசையாக இருக்கின்றன. டிரைவர் மட்டும் இருந்தால் அவற்றின் கச்சா ஒலி வரும். சன்னமாக இருக்கும், அறையின் எல்லாப் பக்கச் சத்தமும் அதில் சேர்ந்திருக்கும். மூன்றையும் கணக்கிட்டுப் பேசுபவரின் பக்கம் காதைத் திருப்பும் ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. அசாஹி திட்டம் அதற்காக டிரைஃபோர்ஸ் என்ற ஒன்றை எழுதியது. எனவே மைக் கட்டத்தில் கெர்னல் எண்ணைப் பார்த்ததும் துள்ள வேண்டாம். உங்கள் டிஸ்ட்ரோவில் அந்தப் பயனர்தளப் பொதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெலின் ஐபியு6 கேமரா உள்ள மடிக்கணினி வைத்திருப்பவர்களும் இதே பாடத்தைப் படித்தார்கள். 2024-இல் வந்த 6.10 கெர்னலில் டிரைவர் சேர்ந்தது. ஆனால் லிப்கேமரா என்ற பயனர்தளப் பொதியும் அதோடு பேசத் தெரிந்த செயலிகளும் வரும்வரை வீடியோ அழைப்பில் முகம் தெரியவில்லை.

தூக்கநிலை பற்றி எனக்கு ஒரு சொந்த வயிற்றெரிச்சல் உண்டு. வேறொரு நிறுவனத்தின் மடிக்கணினி அது. ஆதரவுப் பட்டியலில் ‘தூக்கம்: ஆம்’ என்று இருந்தது. மூடினேன், தூங்கியது. திறந்தேன், விழித்தது. நம்பிப் பையில் போட்டுவிட்டேன். காலையில் எடுத்தால் பை கதகதப்பாக இருக்கிறது, பேட்டரி காலி. பட்டியல் பொய் சொல்லவில்லை; தூங்கும், விழிக்கும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தது. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் தூக்கம் என்பது சிப்பை மிகக் குறைந்த மின்சாரத்தில் இறக்கிவைப்பது. ஒரே ஒரு சாதனம் இறங்க மறுத்தாலும் மொத்த சிப்பும் அரைத்தூக்கத்தில் கிடக்கும். ஆகவே இந்த வரிக்கு ஆம், இல்லை என்ற பதிலை வாங்காதீர்கள். அதே மாடலை வைத்திருக்கும் ஒருவரிடம், இரவு எத்தனை சதவீதத்தில் மூடினீர்கள், எட்டு மணி நேரம் கழித்து எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்கள் போதும்.

அதே மாடல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எம்1-இல் வேலை செய்கிறது என்பதால் எம்2-இல் செய்யும் என்று ஆகாது. எம்1 மடிக்கணினிகளில் விசைப்பலகையும் டச்பேடும் எஸ்பிஐ என்ற பழைய, எளிய இணைப்பில் இருந்தன. எம்2-இல் ஆப்பிள் அவற்றை ஒரு துணைச் செயலிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டது. வெளியே பார்த்தால் அதே விசைப்பலகை. டிரைவரோ புதிதாக எழுத வேண்டியிருந்தது. பக்கத்து நெடுவரிசையைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்.

கட்டம் காலியாக இருப்பது எப்போதும் சோம்பலும் அல்ல. மேக்புக் ஸ்பீக்கர்களின் கதை தெரியுமா? ஒலி வரவைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் அந்தச் சின்ன ஸ்பீக்கர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் சத்தம் கொடுத்தால் உள்ளிருக்கும் சுருள் சூடேறி எரிந்துபோகலாம். அதனால் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கவனித்து, சுருளின் வெப்பத்தைக் கணக்கிட்டு, தேவைப்பட்டால் சத்தத்தைக் குறைக்கும் ஒரு காவல் மென்பொருளை எழுதி முடிக்கும்வரை ஸ்பீக்கரை வேண்டுமென்றே பூட்டி வைத்திருந்தார்கள். அந்தக் காவலன் ஓடாவிட்டால் கெர்னல் சத்தத்தை ஏற விடாது. எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் மரியாதை வந்ததே இதைப் பார்த்துத்தான்.

எப்போது என்ற கேள்விக்குக் கெர்னலின் நாட்காட்டி உதவும். ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு வாரம்தான் புதியவற்றைச் சேர்க்கும் காலம். அதன் முடிவில் வரும் ஆர்சி1 என்ற முதல் சோதனைப் பதிப்பில் உங்கள் டிரைவர் இல்லையென்றால் அந்தப் பதிப்பில் அது பெரும்பாலும் வராது. அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதன் பிறகு டிஸ்ட்ரோ எடுத்துக்கொள்ளும் காலத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே மோப்பம் பிடிக்க வேண்டுமானால் லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற மரத்தை (தனியாகப் பராமரிக்கப்படும் மூலநிரல் தொகுப்பை) பாருங்கள். அடுத்த சுற்றுக்குப் போகவிருக்கும் பேட்ச்கள் (நிரல் மாற்றங்கள்) அங்கே முன்னதாகவே வந்து சேரும். அதற்கும் முந்தைய நிலையில், ஒரு பேட்ச் வரிசை இரண்டாம், மூன்றாம் திருத்தம் என்று ஏறிக்கொண்டே போகிறதா, பிறர் சரிபார்த்ததாகவும் சோதித்ததாகவும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். எட்டாவது திருத்தம் என்றதும் பயப்படாதீர்கள், அது உயிரோடு இருப்பதன் அடையாளம். முதல் திருத்தத்தோடு ஓராண்டு மௌனம் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்குக் கெர்னல் மூலநிரலுக்குள்ளேயே ‘மெயின்டெய்னர்ஸ்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை போட்டிருப்பார்கள்: சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் கவனிக்கிறார், சம்பளமில்லாவிட்டாலும் ஒருவர் கவனிக்கிறார், நேரம் கிடைத்தால் எப்போதாவது திருத்துவார், அநாதை, காலாவதி. இவ்வளவு ஒளிவுமறைவில்லாத ஆவணத்தை நான் மென்பொருள் உலகில் அதிகம் பார்த்ததில்லை. இதேபோல, இன்னும் பக்குவப்படாத டிரைவர்களை வைக்கும் ஸ்டேஜிங் என்ற அடைவிலிருந்து ஒரு டிரைவர் ஏறினால், தரம் தெரியாது, எச்சரித்துவிட்டோம் என்று கெர்னலே பதிவேட்டில் எழுதிவிடும். இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் டிரைவர்களிலோ, இன்னும் பழுக்காத சிப்களை ஓட்ட வேண்டுமானால் நீங்களே ஒரு அளவுருவைக் கொடுத்துச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதம் தேவைப்படாமல் போகும் பதிப்புதான் என் கணக்கில் உண்மையான வெளியீடு.

வேறு திட்டங்களின் அட்டவணைகளையும் இதே கண்ணோடு படிக்கலாம், சொற்கள்தான் மாறும். போன்களுக்கான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஒவ்வொரு போனையும் முதன்மை, சமூகம், சோதனை என்பதுபோலப் பிரித்து வைக்கிறது. என்விடியா கார்டுகளுக்கான நூவோ திட்டம் ‘முடிந்தது’, ‘பெரும்பாலும்’ என்பவற்றோடு ‘தேங்கிவிட்டது’ என்று எழுதவும் தயங்குவதில்லை. அந்தச் சொல்லுக்குக் காரணமும் இருந்தது. 2014-க்குப் பிந்தைய கார்டுகள் வேகத்தைக் கூட்ட நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) கேட்டன. அது கிடைக்காததால் கார்டு தொடக்க வேகத்திலேயே நின்றது. படம் வரும், விளையாட்டு நகராது. 2024 ஜனவரியில் வந்த 6.7 கெர்னலில் டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் வழி பிறந்தது. நடுவில் மாட்டிய பாஸ்கல் தலைமுறைக்கு இல்லை. எத்தனை திறமைசாலிகள் இருந்தாலும் சாவி வேறொருவர் கையில் இருந்தால் அந்தக் கட்டம் நகராது. அப்படிப்பட்ட கட்டத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு தாளில் மூன்று தேவைகளையும், ஒவ்வொன்றின் கீழும் அதன் பாகங்களையும் எழுதுங்கள். பக்கத்தில் எந்த மரத்தில் இருக்கிறது, எந்தப் பதிப்பு, உங்கள் மாடலில் சோதித்தவர் உண்டா, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பதைக் குறியுங்கள். தேதி மிக முக்கியம். அதை வைத்துத்தான் எது நகர்கிறது, எது உறைந்துவிட்டது என்று தெரியும். மாதாமாதம் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு ஆர்சி1-க்கும் ஒருமுறை போதும்.

மைக்கும் தூக்கமும் தேறி, வெளித்திரை மட்டும் பாக்கி என்ற நிலை வந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. அசாஹியின் நிறுவல் நிரல் மேக்ஓஎஸ்ஸை அழிக்காமல் அதன் பக்கத்தில் இடம் பிரித்து உட்காரும். வெளித்திரை தேவைப்படும் நாளில் மேக்ஓஎஸ்ஸுக்குள் போய்க்கொள்ளலாம். போட்ட பிறகும் மேக்ஓஎஸ்ஸை நீக்காதீர்கள். கணினியின் ஃபர்ம்வேர் புதுப்பிப்புகள் அதன் வழியாகத்தான் வரும். அப்புறம், இடம் பிரிப்பதற்கு முன் பேக்கப் எடுத்துவிடுங்கள்.