வாசகர் கேள்வி பதில்: சாட்சி சொன்னேன், மறுபடியும் ஆரம்பிச்சிட்டேன்

கேள்வி: உபவாச ஜெபத்துக்கு அப்புறம் சிகரெட்டை விட்டுட்டேன்னு சபை முன்னாடி சாட்சி சொன்னேன். இப்போ மறுபடியும் பிடிக்கிறேன், யாருக்கும் தெரியாது. திருவிருந்து எடுக்கவே கூசுது, ஜெபமும் வரல. எனக்கு விசுவாசம் பத்தலையா?

பதில்: தம்பி, விசுவாசத்தை விடுங்க, உங்களுக்கு இப்போ இல்லாதது உண்மையை பேசுறதுக்கு ஒரு ஆள். "விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்"னு ரோமர் 7:19-ல எழுதினது பவுல் (அது அவர் வாழ்க்கையில எந்த காலத்தை பத்தி சொன்னதுன்னு வியாக்கியானக்காரங்க இன்னும் சண்டை போட்டுட்டுதான் இருக்காங்க, அது கிடக்கட்டும்). அவரே அதை மறைக்காம லெட்டர்ல எழுதி சபைக்கு அனுப்பியிருக்கார், நீங்க ஏன் ஒளிஞ்சுக்கணும்?

யாக்கோபு 5:16 பாருங்க, குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கன்னு இருக்கு, அதுவும் எதுக்கு, சொஸ்தமடையறதுக்கு. மைக் பிடிச்சு எல்லார்கிட்டயும் சொல்ல வேணாம், வாயை கட்டி வைக்கத் தெரிஞ்ச ஒரே ஒருத்தர் போதும். 1935-ல அமெரிக்காவுல ஆக்ரான்ங்கிற ஊர்ல ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்ங்கிற, குடியை விட ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கிற அமைப்பு ஆரம்பிச்சதே குடிக்கு அடிமையான ரெண்டு பேர் உட்கார்ந்து மனசு விட்டு பேசினதுலதான், குடியை விட அவங்க வச்சிருக்கிற படிகள்ல அஞ்சாவதே தப்பை கடவுள்கிட்டயும் தன்கிட்டயும் இன்னொரு மனுஷன்கிட்டயும் ஒத்துக்கிறது. அந்த பழக்கம் அவங்களுக்கு ஆக்ஸ்போர்டு குரூப்ங்கிற கிறிஸ்தவ இயக்கத்துல இருந்து வந்தது.

அப்புறம் உடம்பு ஒண்ணு இருக்குல்ல. நிக்கோட்டினை விட்ட முதல் சில நாள்தான் ரொம்ப படுத்தும், எரிச்சல் வரும், தூக்கம் போகும், யாரை பார்த்தாலும் கோவம், அதை பிசாசோட போராட்டம்னு நினைச்சு பயந்தே சில பேர் திரும்ப பத்த வைக்கிறாங்க. சில வாரத்துல அடங்கிடும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிஷம்தான் நிக்கும், சாப்பிட்டு கை கழுவின உடனே, போன் பேசிட்டே வெளிய நடக்கும்போது, இப்படி நேரம் பார்த்து வரும், அந்த நேரத்துல நீளமா ஜெபம் பண்ண வராது, "ஆண்டவரே இந்த அஞ்சு நிமிஷம்"னு சொல்லிட்டு, நீங்க உண்மையை சொல்லி வச்சிருக்கிற அந்த ஆளுக்கு போன் போடுங்க. நிக்கோட்டின் சூயிங்கம் வேணும்னா டாக்டரை கேட்டு எடுத்துக்கோங்க, பாவம் ஒண்ணும் இல்ல. திருவிருந்து விஷயத்தை உங்க பாஸ்டர்கிட்ட நேராவே பேசிடுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் பல வருஷமா தினமும் நிறைய குடிக்கிறவர். நாளையில இருந்து சுத்தமா நிறுத்துறேன்னு பொருத்தனை பண்ணியிருக்கார். டாக்டர்கிட்ட போனா அவிசுவாசம்ங்கிறார்.

பதில்: சிஸ்டர், நாளைக்கு நிறுத்துறதுக்கு முன்னாடி டாக்டரை பார்த்தே ஆகணும். இப்படி குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்கு தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகும். பவுலோட கூட இருந்த லூக்கா வைத்தியர்தான், கொலோசெயர் 4:14-ஐ அவர்கிட்டயே வாசிக்க சொல்லுங்க. கை நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிச்சா உடனே ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க, ஜெபத்தை வண்டியில போகும்போது பண்ணிக்கலாம்.