எலாஸ்டிக்சர்ச் 8: 'செர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு' ஏன் வருகிறது?

கேள்வி: எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் சர்வரின் ஏழாம் பதிப்பில் ஒழுங்காக ஓடிய பைத்தான் புரோகிராம், சர்வரை 8-க்கு மாற்றியதும் கனெக்ட் ஆக மறுக்கிறது. முகவரியில் ஹெச்டிடிபிஎஸ் என்று திருத்தினால் 'செர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு' என்கிறது. 'வெரிஃபை_செர்ட்ஸ்' (செர்டிஃபிகேட்டை, அதாவது சர்வரின் அடையாளச் சான்றை, சரிபார்க்கச் சொல்லும் அமைப்பு) என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் ஓடுகிறது. அப்படியே விடலாமா?

பதில்: கூடாது. அப்போதும் தகவல் என்க்ரிப்ட் ஆகித்தான் போகும். ஆனால் எதிர்முனையில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்று கிளையன்ட் (சர்வரோடு பேசும் பைத்தான் லைப்ரரி) பார்ப்பதே இல்லை. நடுவில் நுழைந்தவர் தன் செர்டிஃபிகேட்டை நீட்டினால், அவரிடமே பாஸ்வேர்டை ஒப்படைத்துவிடும்.

2022 பிப்ரவரியில் வந்த 8.0 முதல் பாதுகாப்பு தானாகவே ஆன் ஆகிறது. முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது சர்வர் தனக்கென ஒரு சிஏ (செர்டிஃபிகேட்டுகளுக்குக் கையெழுத்திடும் அதிகாரம்) உருவாக்கி, 9200 போர்ட்டின் செர்டிஃபிகேட்டில் அதை வைத்துக் கையெழுத்திடுகிறது. உங்கள் மெஷினுக்கு அந்த சிஏ முன்பின் தெரியாதது. பிழைக்குக் காரணம் அதுதான். கான்ஃபிக் ஃபோல்டரின் உள்ளே 'செர்ட்ஸ்' ஃபோல்டரில் 'ஹெச்டிடிபி_சிஏ.சிஆர்டி' இருக்கும். அதை மட்டும் காப்பி செய்து வந்து (டாக்கர் என்றால் 'டாக்கர் சிபி'), கிளையன்ட்டின் 'சிஏ_செர்ட்ஸ்' என்ற இடத்தில் அதன் பாதையைக் கொடுங்கள். பக்கத்திலிருக்கும் பி12 ஃபைல்களைத் தொடவேண்டாம். ப்ரைவேட் கீ (சர்வரின் ரகசியச் சாவி) அவற்றுக்குள் இருக்கிறது.

ஃபைலைக் கொண்டுபோக வசதியில்லை என்றால், முதல் ஸ்டார்ட்டில் பாஸ்வேர்டோடு திரையில் வந்த எஸ்ஹெச்ஏ-256 ஃபிங்கர்பிரிண்ட்டை (சிஏ செர்டிஃபிகேட்டின் சுருக்க அடையாளம்) 'எஸ்எஸ்எல்_அசெர்ட்_ஃபிங்கர்பிரிண்ட்' என்பதில் கொடுக்கலாம். மொத்தம் 64 எழுத்து. இந்த முறைக்கு பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

இதைச் சரிசெய்ததும் அடுத்த பிழை 'ஹோஸ்ட்நேம் மிஸ்மேட்ச்' ஆக இருக்கலாம். செர்டிஃபிகேட்டில் எழுதியுள்ள பெயர் அல்லது ஐபியைத்தான் முகவரியில் தரவேண்டும். புதுப் பெயர் தேவையென்றால் 'எலாஸ்டிக்சர்ச்-செர்ட்யூடில்' கருவியால் புது செர்டிஃபிகேட் எடுங்கள். போர்ட் எண்ணையும் விடாதீர்கள்: எட்டாம் பதிப்பு கிளையன்ட் 9200 என்பதைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது, பிழை காட்டி நின்றுவிடும். தானாக உருவான செர்டிஃபிகேட்டுக்கு ஆயுள் 2 ஆண்டு, சிஏ-வுக்கு 3. காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.

கேள்வி: 'எலாஸ்டிக்' யூசரின் பாஸ்வேர்டையே புரோகிராமில் எழுதி வைத்திருக்கிறோம். மாற்ற வேண்டுமா?

பதில்: உடனே. அந்த யூசருக்கு எல்லா இன்டெக்ஸையும் (தகவல் தொகுப்பு) அழிக்கும் அதிகாரம் உண்டு. தேடல் மட்டும் செய்யும் புரோகிராமுக்கு, குறிப்பிட்ட இன்டெக்ஸில் 'ரீட்' உரிமை மட்டும் உள்ள ஏபிஐ கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் தரும் அனுமதிச் சாவி) போதும். காலாவதி தேதியோடு உருவாக்கி, என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள். கீ உருவானதும் வரும் பதிலில் 'ஐடி', 'ஏபிஐ_கீ', 'என்கோடட்' என மூன்று மதிப்புகள் இருக்கும். கிளையன்ட்டுக்குத் தரவேண்டியது 'என்கோடட்'. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நடுவில் உள்ளதைத் தனியாகக் கொடுத்து, 401 வாங்கிக்கொண்டு தலையைச் சொறிபவர்களே அதிகம்.

401 என்றால் நீங்கள் யாரென்று சர்வருக்குப் புரியவில்லை. 403 என்றால் ஆள் தெரிகிறது, உரிமை இல்லை. 'ரீட்' மட்டும் உள்ள கீயோடு 'இன்ஃபோ' (சர்வரின் விவரம் கேட்பது) அழைத்தால் 403 வரும், ஏனென்றால் அதற்குக் கிளஸ்டர் (சர்வர்களின் மொத்தத் தொகுதி) அளவில் 'மானிட்டர்' உரிமை தேவை. தேடல் வேலை செய்யும். எனவே கனெக்‌ஷனைச் சோதிக்க 'இன்ஃபோ'வை நம்பாமல், ஒரு சிறு தேடலை அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: அதே கிளையன்ட், எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து பிரிந்து உருவான ஓபன்சர்ச் சர்வரோடு சேர மறுக்கிறது. செர்டிஃபிகேட் சிக்கலா?

பதில்: இல்லை. 'அன்சப்போர்ட்டட் ப்ராடக்ட்' என்று வந்திருக்குமே? பதிலின் ஹெடரில் எலாஸ்டிக் அடையாளம் இல்லையென்றால் கிளையன்ட்டே மறுத்துவிடும். ஓபன்சர்ச்சுக்கென்று தனி லைப்ரரி இருக்கிறது, அதைப் போடுங்கள்.