மீட்ட குரங்கை அன்றைக்கே காட்டில் விட்டால் என்ன?

கடத்தல்காரர்களிடமிருந்து மீட்ட குரங்கினங்களைக் காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதும் ஒருவகைச் சிறைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு காப்பகத்தில் மூன்று மாதம் தன்னார்வலராக இருந்தேன். முதல் வாரத்தில் நானும் இதையேதான் கேட்டேன். அங்கிருந்த மருத்துவர் பதில் சொல்லவில்லை. ஒரு தேவாங்கின் வாயை மெல்லத் திறந்து காட்டினார். முன்பற்கள் ஈறோடு ஈறாக வெட்டப்பட்டிருந்தன.

தென்கிழக்கு ஆசியாவின் இந்தத் தேவாங்குக்கு நச்சுக்கடி உண்டு. முழங்கை அருகே உள்ள சுரப்பியை நக்கி, எச்சிலோடு கலந்து கடிக்கும். வாங்குகிறவர் கடிபடக் கூடாதே என்று வியாபாரிகள் நகவெட்டியால் பல்லை நறுக்கிவிடுகிறார்கள். மயக்க மருந்தெல்லாம் கிடையாது. சீழ் பிடித்தே பல செத்துப்போகின்றன. பிழைப்பவற்றுக்கும் காடு இல்லை; மரப்பட்டையைக் கீறிப் பிசின் குடிக்கும் விலங்குக்குப் பல் போனால் பிழைப்பே போயிற்று. கிச்சுகிச்சு மூட்டினால் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு 'ரசிக்கும்' தேவாங்குக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது நச்சுச் சுரப்பியைத் தயார்செய்யும் பயந்த விலங்கு. 2007 முதல் இவற்றைப் பன்னாட்டு வணிகத்தில் விற்கத் தடை இருக்கிறது. காணொளிகளுக்கு ஏது தடை?

பல் முழுதாக இருந்தாலும் சிக்கல் தீராது. ஒராங்குட்டான் குட்டி ஒன்று சந்தைக்கு வருகிறது என்றால், அநேகமாக அதன் தாயைக் கொன்றிருப்பார்கள். எந்தப் பழம் எப்போது பழுக்கும், இரவுக்குக் கூடு எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் ஆறேழு ஆண்டுகள் தாயோடு இருந்துதான் குட்டி கற்கிறது. போர்னியோ காப்பகங்களில் 'காட்டுப் பள்ளி' என்றே ஒன்று உண்டு. பராமரிப்பாளர்கள் குட்டிகளைத் தினமும் மரங்களுக்கு அழைத்துப் போகிறார்கள். ஆனால் மனிதரோடு ஒட்டிக்கொண்ட குட்டி அடுத்த வேட்டைக்காரனையும் நம்பிப் போகும். நம் காசநோய் அதற்குத் தொற்றியிருந்தால், விட்ட இடத்துக் காட்டுக்கே ஆபத்து. அதனால்தான் வந்தவுடன் தனிமைப்படுத்தல், பரிசோதனை.

மீட்ட விலங்கைத் திருப்பி அனுப்புவதும் லேசான காரியமல்ல. 2002இல் நைஜீரியாவிலிருந்து மலேசிய உயிரியல் பூங்கா ஒன்றுக்கு நான்கு கொரில்லாக் குட்டிகள் கடத்தப்பட்டன. குட்டு வெளிப்பட்டு, 2004இல் தென்னாப்பிரிக்கா, ஒருவழியாக 2007இல் கேமரூனின் லிம்பே காப்பகம். ஐந்து ஆண்டு அலைச்சலுக்குப் பிறகும் போய்ச் சேர்ந்தது வேலிக்குள்தான்.

எனக்கு அங்கே கிடைத்த வேலை கிண்ணம் கழுவுவதும் கிளை வெட்டிக் கட்டுவதும். விலங்கிடம் பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது. கொஞ்சாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. நான் கிளம்பிய இரவிலும் அந்தத் தேவாங்கு மசித்த உணவைத் தொடவில்லை. புதிதாகக் கட்டிய கிளையில் வெறும் ஈற்றை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது.