பின்னாடி உக்காந்திருக்கவங்ககிட்ட பேச ரெண்டு கிலோமீட்டர் ரேஞ்ச் எதுக்கு?

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, சுருக்கி தர்றேன். "அண்ணா, ஹிமாலயன் 450 பைக் வச்சிருக்கேன். நானும் மனைவியும் வால்பாறை, மூணாறுன்னு அடிக்கடி கிளம்பிருவோம். சில நேரம் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் அவங்கவங்க வண்டில வருவாங்க, அவங்ககிட்ட ஹெல்மெட்டுல மாட்டி ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கற மெஷ் இன்டர்காம் இருக்கு. கடைல எனக்கும் மனைவிக்கும் மெஷ் செட்டே எடுங்க, 24 பேர் பேசலாம், ரெண்டு கிலோமீட்டர் ரேஞ்ச்னு சொல்றாங்க, பட்ஜெட் எங்கயோ போகுது. ஃப்ரெண்டோடத வாங்கி மாட்டிப் பாத்தேன், 80 தாண்டினா பாட்டு கேக்கவே மாட்டேங்குது, ஸ்பீக்கர் மோசமா? போலீஸ் பிடிப்பாங்களா?"

தம்பி, முதல்ல அந்த 24 பேர் கணக்க தூக்கி ஓரமா வைங்க. உங்களுக்கும் உங்க வீட்டம்மாவுக்கும் நடுவுல இருக்கறது ரெண்டு அடி. நீங்க யார்கூட பேசப் போறீங்க, அதுல எத்தனை பேர் வேற வண்டில வர்றாங்க, இந்தக் கேள்விய எந்தக் கடைலயும் கேக்க மாட்டாங்க, ஏன்னா கேட்டா விலை குறைஞ்சு போயிரும். பில்லியனோட, அதாவது பின்னாடி உக்காந்திருக்கவங்களோட மட்டும் பேசறதுன்னா சாதாரண ப்ளூடூத் ஜோடியே போதும், ஒரு பெட்டில ரெண்டு யூனிட்டா வரும், ரெண்டையும் பேரிங் பண்ணி, அதாவது ஜோடி சேர்த்து விட்டா முடிஞ்சது, மலை மேல டவர் இல்லன்னாலும் வேலை செய்யும் ஏன்னா அதுக்கும் சிம் கார்டுக்கும் சம்பந்தமே இல்ல.

மெஷ்னா என்னன்னு ரொம்ப உள்ள போக வேணாம். பழைய ப்ளூடூத் இன்டர்காம்ல நாலு பேர் பேசணும்னா வரிசையா கை கோத்து நிக்கிற மாதிரி, நடுவுல ஒருத்தர் டீக்கடைல நின்னுட்டா அவருக்குப் பின்னாடி இருக்கவங்க எல்லாம் அறுந்துருவாங்க, மறுபடி கோக்கணும். மெஷ்ல அப்படி இல்ல, ஒருத்தர் விலகினா மத்த யூனிட் எல்லாம் தானா வேற வழில சேர்ந்துக்கும், அவர் திரும்பி வந்தா தானா உள்ள வந்துருவாரு. கார்டோ கம்பெனி ஒரு குரூப்புக்கு 15 பேர்ங்குது, சேனா கம்பெனி 24ங்குது. நல்ல விஷயம்தான், நாலஞ்சு வண்டி சேர்ந்து போறவங்களுக்கு காசு குடுத்து வாங்கலாம். உங்களுக்கு இல்ல.

ரேஞ்ச் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், இதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. பெட்டில போட்டிருக்க கிலோமீட்டர் எல்லாம் நடுவுல எதுவுமே இல்லாத வெட்டவெளில அளந்தது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் உங்களுக்கும் முன்னாடி போற வண்டிக்கும் நடுவுல ஒரு மலையே நிக்குது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை பாறைய ஊடுருவிட்டு வராது. ரெண்டு கிலோமீட்டர் யூனிட்டா இருந்தாலும் ஒரு வளைவு திரும்பினா கர்ர்ருன்னு சத்தம், அடுத்த வளைவுல மறுபடி குரல் வரும். விலை குறைஞ்ச பெட்டில இன்னொரு ஜாலம் இருக்கு, 'ஆறு பேர்'னு பெருசா போட்டிருக்கும், உள்ள இருக்க பேப்பர பிரிச்சு படிச்சா ஆறு பேரோட பேரிங் பண்ணி வச்சுக்கலாம் ஆனா ஒரே நேரத்துல ரெண்டு பேர்தான் பேச முடியும்னு பொடி எழுத்துல இருக்கும். பொய் சொல்லலன்னு அவங்க சொல்லிக்கலாம்.

இப்ப உங்க ஃப்ரெண்ட்ஸ் விஷயம். ஒரு கம்பெனி மெஷ் இன்னொரு கம்பெனி மெஷ்ஷோட பேசாது, கார்டோவும் சேனாவும் ஒரே குரூப்ல மெஷ்ல சேரவே சேராது. கடைக்காரர் "எல்லாம் கனெக்ட் ஆகும் சார்"னு சொல்றது யுனிவர்சல் பேரிங்கைத்தான், அதுல என்ன நடக்குதுன்னா உங்க யூனிட் அடுத்த கம்பெனி யூனிட்ட ஒரு போன்னு நினைச்சுக்குது, அவர் பேசறது உங்களுக்கு ஒரு கால் வந்த மாதிரி. அதனால போனுக்குன்னு இருக்க இடத்துல ஒண்ணு அவருக்குப் போயிரும், மேப் வழி சொல்றது, வர்ற கால், எல்லாம் குழம்பும், குரலும் சுமாரா இருக்கும். அவசரத்துக்கு ஆகும், மூணு நாள் டூருக்கு ஆகாது.

ஆனா உங்களுக்கு ஒரு வழி இருக்கு, இதை கொஞ்சம் நிதானமா படிங்க. நீங்க மட்டும் ஃப்ரெண்ட்ஸ் வச்சிருக்க அதே கம்பெனில மெஷ் யூனிட் ஒண்ணு எடுங்க. வீட்டம்மாவுக்கு அதே கம்பெனில விலை குறைஞ்ச ப்ளூடூத் யூனிட் எடுங்க. உங்க யூனிட் ஒரு பக்கம் மெஷ் வழியா ஃப்ரெண்ட்ஸோட பேசும், இன்னொரு பக்கம் ப்ளூடூத் வழியா பில்லியனோட பேசும், ரெண்டையும் சேர்த்து விடற வசதிய பிரிட்ஜ்னு சொல்லுவாங்க, கார்டோ பேக்டாக் வகைல இது இருக்கு, சேனா மெஷ்லயும் மாடல பொறுத்து இருக்கு. பில்லியன் எப்பவும் உங்க முதுகுக்குப் பின்னாடியே இருக்கதால அவங்களுக்கு மெஷ் இல்லன்னு ஒரு நஷ்டமும் இல்ல. எந்த மாடலோட எந்த மாடல் பிரிட்ஜ் ஆகும்னு கம்பெனி மேனுவல்ல பாத்துட்டு வாங்குங்க, கடைக்காரர் வாய் வார்த்தைய நம்ப வேணாம், இதைக் கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. ஒரே ஒரு சங்கடம், நீங்க டாய்லெட் போக யூனிட்ட ஆஃப் பண்ணிட்டு இறங்கினா வீட்டம்மாவுக்கும் ஃப்ரெண்ட்ஸுக்கும் தொடர்பு கட். அது பரவால்ல, அந்த நேரம் எல்லாரும் ஒரே இடத்துல நேர்லதான் நிப்பீங்க.

சரி, பாட்டு. ஸ்பீக்கர் மோசம் இல்ல தம்பி, ஸ்பீக்கர் உங்க காதுக்கு நேரா இல்ல. பத்துல எட்டு புகார் இதுதான். 40 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் காதுத் துவாரத்துல இருந்து ஒரு விரல் கீழ தள்ளி இருந்தாலே பாதி சத்தம் போச்சு, அதுவும் முதல்ல போறது பேஸ், அந்த கனமான தாளச் சத்தம். ஹெல்மெட்ட போட்டு ஸ்ட்ராப் மாட்டிக்கங்க, அடில இருந்து ஒரு விரல உள்ள விட்டு காதுத் துவாரம் எங்க இருக்குன்னு தடவிப் பாத்து அந்த எடத்துல கன்னப் பேட்ல சாக்பீஸ்ல ஒரு புள்ளி வைங்க, ஸ்பீக்கரோட நடுப்பகுதி அங்க வரணும். இடைவெளி அதிகமா இருந்தா பெட்டியோட வர்ற ஸ்பாஞ்ச் வட்டத்த ஸ்பீக்கருக்குப் பின்னாடி வச்சு காதுகிட்ட தள்ளுங்க, காத தொட்டும் தொடாம இருக்கணும், அழுத்தக் கூடாது. வீட்டம்மா ஹெல்மெட்டுல இதை அவங்க தோடு போட்டுட்டு இருக்கும்போதே பாருங்க. ஸ்பீக்கர் தோட்ட அழுத்தும், தோட்டோட திருகாணி காதுக்குப் பின்னாடி தோல்ல குத்தும், பொள்ளாச்சி வரைக்கும் பொறுத்துக்குவாங்க, அதுக்கப்புறம் அந்த செட்ட திரும்பத் தொட மாட்டாங்க. எத்தனையோ நல்ல செட் அலமாரில தூங்கறது இதனாலதான்.

இன்னொண்ணு, இதை எந்தக் கடைலயும் செய்ய விடாதீங்க. ஸ்பீக்கர் உள்ள உக்காரலன்னா சில கடைப் பசங்க பேட்ட கழட்டிட்டு பேனாக்கத்தில உள்ள இருக்க தெர்மாகோல ஒரு குழி மாதிரி சுரண்டி எடுத்துருவாங்க, வெள்ளை வெள்ளையா தரைல கொட்டிக் கிடக்கும், அஞ்சு நிமிஷ வேலை, நூறு ரூபா. அந்த தெர்மாகோல்தான் தம்பி விழுந்தா தலைய காப்பாத்தறது, மேல இருக்க பளபள ஓடு மட்டும் இல்ல. அதுலதான் கைய வைக்கறாங்க. ஓட்டுல ட்ரில் போடறது இன்னும் மோசம். யூனிட்ட ஹெல்மெட்டுல பிடிக்கற கிளாம்ப் உக்காரலன்னா ஸ்டிக்கர் மவுன்ட் போடுங்க, ஸ்பிரிட்ல நல்லா துடைச்சு ஒட்டி ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுருங்க. காதுக்கு குழி இல்லாத ஹெல்மெட்டா இருந்தா இன்டர்காமுக்கு முன்னாடி ஹெல்மெட்ட மாத்துங்க, ஐஎஸ்ஐ முத்திரை பாத்து.

சத்தத்த இன்னும் கூட்டினா சரியாகும்னு நினைக்காதீங்க. 100 கிலோமீட்டர் வேகத்துல ஹெல்மெட்டுக்குள்ள காத்துச் சத்தமே 95 டெசிபலை ஒட்டி வரும், அமெரிக்காவோட வேலையிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு நியாஷ் 85 டெசிபல்ல 8 மணி நேரம் இருக்கலாம்னும் 94க்கு ஒரு மணி நேரம்தான்னும் கணக்கு போட்டிருக்கு. அதுக்கு மேல பாட்ட ஏத்தினா யோசிச்சுக்கங்க. இருபது ரூபா ஃபோம் இயர்பிளக் வாங்கிப் போட்டுட்டு அப்புறம் பாட்ட வைங்க, காத்து இரைச்சல் அடங்கி பேச்சும் பாட்டும் தெளிவா கேக்கும், கேட்டா நம்ப மாட்டீங்க போட்டுப் பாருங்க. அப்புறம் உங்க வண்டி விண்ட்ஸ்கிரீன், ஆள் உயரத்த பொறுத்து அது காத்த நேரா ஹெல்மெட் நெத்தில அடிக்கும். காலியான நேர் ரோட்டுல ஃபுட்பெக்ல எந்திரிச்சு நின்னு பாருங்க, சத்தம் சட்டுனு குறைஞ்சா குத்தம் விண்ட்ஸ்கிரீன் மேல, பத்தாயிரம் ரூபா ஸ்பீக்கர் மாத்தியும் அது போகாது. மைக் உதட்ட தொடற மாதிரி இருக்கணும், முகம் முழுக்க மூடற ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டுல ஒயர் மைக், தாடைப் பகுதிய மேல தூக்கற மாடுலர்ல தண்டு மைக்.

வாங்கற இடம் பத்தி. ரைடர் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் 'எல்லாரும் சேர்ந்து வாங்கலாம், பாதி விலை, துபாய் பீஸ்'னு வருவார், அட்மினுக்கு ஒரு பங்கு. பில் கிடையாது, இந்தியா வாரன்டி கிடையாது, பேட்டரி பல மாடல்ல நாம மாத்தவே முடியாத மாதிரி உள்ள அடைச்சிருக்கும், ரெண்டு கோடைல அது போச்சுன்னா யூனிட்டே போச்சு. ஒழுங்கா இறக்குமதி பண்றவன் தொலைத்தொடர்புத் துறைல வயர்லெஸ் சாதனத்துக்கு வாங்க வேண்டிய டபிள்யூபிசி ஒப்புதலுக்கு பேப்பர் போட்டு சுங்க வரி கட்டி ஜிஎஸ்டி சேர்த்து விலை போட்டு உக்காந்திருக்கான், பைல போட்டு ஏர்போர்ட்ல நடந்து வர்றவன் பாதி விலைக்கு வித்துட்டு போறான், அவன கேக்க நாதியில்ல. நாலு காசு ஏறினாலும் அங்கீகாரம் உள்ள டீலர், ஜிஎஸ்டி பில், பில்லுல சீரியல் நம்பர். பெங்களூர் கம்பெனி புளூஆர்மர் மாதிரி உள்நாட்டுதும் இருக்கு, சர்வீஸுக்கு கப்பல் ஏத்த வேண்டாம், ஆனா உங்க ஃப்ரெண்ட்ஸ் வேற கம்பெனின்னா மேல சொன்ன கதைதான்.

கடைசியா போலீஸ். மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவுல, 2019 திருத்தத்துக்கு அப்புறம், வண்டி ஓட்டும்போது கையில பிடிச்சுப் பயன்படுத்தற தொடர்பு சாதனம் தப்புன்னு இருக்கு. ஹெல்மெட்டுல ஒட்டின இன்டர்காம் கையில இல்ல. அதனால பிரச்சினையே இல்லன்னு சொல்லத்தான் ஆசை, ஆனா செக்போஸ்ட்ல நிக்கறவரு அதை கேமரான்னு நினைக்கலாம், ஹெட்போன்னு நினைக்கலாம், கேரளால 2022ல ஹெல்மெட் கேமராவுக்கே நடவடிக்கைன்னு மோட்டார் வாகனத் துறை கிளம்பினாங்க. இன்டர்காம் ஓகே, இது இது ஓகே இல்லன்னு தெளிவா ஒரே ஒரு வரி எழுத இவங்களுக்கு இத்தனை வருஷம் பத்தலயான்னு தெரியல, ஹெல்மெட்டே போடாம மூணு பேர் போறவன விட்டுட்டு நம்மள ஓரங்கட்டுவாங்க. நிறுத்தினா வாக்குவாதம் வேணாம், ஹெல்மெட்ட கழட்டி கையில குடுத்து பின்னாடி உக்காந்திருக்கவங்ககிட்ட பேசறதுக்குத்தான்னு காட்டுங்க, கேமரா இல்லன்னு பாத்தா பெரும்பாலும் விட்டுருவாங்க. மூணாறு போறீங்கன்னா ஹெல்மெட்டுல கேமரா மவுன்ட் ஏதாவது ஒட்டியிருந்தா அதை பார்டருக்கு முன்னாடியே கழட்டிருங்க.