கேள்வி–பதில்: அரளியின் சொந்தபந்தங்கள்

கேள்வி: வீட்டுத் தொட்டியில் நித்தியகல்யாணி மண்டிக் கிடக்கிறது. பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அது அரளி வகையறா, வாயில் வைக்காதே என்கிறார் என் அண்ணன். யார் சொல்வது சரி?

பதில்: நான் அண்ணன் கட்சி. நித்தியகல்யாணி அரளிக் குடும்பம்தான். நம்பிக்கை வரவில்லையா? நாளை விரியப்போகும் மொட்டு ஒன்றைப் பாருங்கள். ஐந்து இதழும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, மடக்கிய குடை மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். அரளி மொட்டிலும் நந்தியாவட்டை மொட்டிலும் அதே முறுக்கு இருக்கும். ஒரே பூவிலிருந்து காய் இரட்டையாக வருவதும் இந்தக் குடும்பத்தில் சகஜம். பாலை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். மஞ்சள் அரளியைக் கிள்ளினால் பால் சொட்டும், செவ்வரளியில் அவ்வளவாகத் தெரியாது. பால் வடிக்கும் கள்ளியோ வேறு குடும்பம்.

சரி, சர்க்கரைக்கு வருவோம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை 1950-களிலேயே கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்ற இருவர் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் காய்ச்சிக் குடிப்பது வழக்கம். அங்கிருந்து வந்த இலையைத்தான் ஆராய்ந்தார்கள். சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள், சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றினார்கள். அப்போதும் சர்க்கரை இறங்கவில்லை, எலிகள்தான் செத்தன. காரணம் தேடியபோது, வெள்ளணுக்கள் சரிந்துபோய் கிருமித்தொற்றில் செத்திருப்பது தெரிந்தது. வெள்ளணுவைக் குறைக்கிற சரக்கு என்றால், வெள்ளணு தறிகெட்டுப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு உதவாதா? அந்த யோசனையில் 1958-ல் வெளிவந்தது வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டினை இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். 'அப்படியானால் பத்துப் பூவில் என்ன ஆகிவிடும்?' என்று அவர் மடக்குவார். செடியில் இருப்பது இந்த இரண்டு மட்டுமல்ல. உடலில் வேலை காட்டும் ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. எது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அடுப்படியில் அளக்க வழியில்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவரென்றால் இந்த விஷப்பரீட்சையே வேண்டாம். அரளி இன்னும் மோசம்: இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இலை காய்ந்தாலும் கொதித்தாலும் அந்த நஞ்சு போகாது.

கேள்வி: எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சு எதற்காவது உதவுமா?

பதில்: எருக்கும் அரளிக்குச் சொந்தம்தான். அதன் பஞ்சு நூல் நூற்க அவ்வளவு தோதுப்படாது, இழை குட்டை, வழவழப்பு வேறு, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. அடைக்க உதவும். ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக்குழல், மேலே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீரில் மிதக்கும். இரண்டாம் உலகப்போரில் ஜாவா ஜப்பான் வசம் போய், உயிர்காப்பு அங்கிகளில் அடைக்கும் இலவம் பஞ்சு அமெரிக்காவுக்கு வராமல் நின்றுவிட்டது. அங்கே எருக்குக்கு உறவான ஒரு செடி காட்டுத்தனமாக வளரும். பள்ளிப் பிள்ளைகளை விட்டு அதன் காய்களை வெங்காயச் சாக்குகளில் சேகரித்தார்கள். இரண்டு சாக்குக் காய் ஓர் அங்கிக்குப் போதும் என்பது அன்றைய கணக்கு.

கேள்வி: எருக்கம் பால் கண்ணில் தெறித்தால்?

பதில்: உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவுங்கள். கையிலும் பால் ஒட்டியிருக்கும், முதலில் அதைக் கழுவுங்கள். கண்ணைக் கசக்கக் கூடாது. அப்புறம் நேராகக் கண் மருத்துவர். வலிக்கவில்லை என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து: இந்தப் பால் கண்ணை மரத்துப்போக வைக்கும், வலியே இல்லாமல் பார்வை மங்கும்.