இன்வெர்ட்டர் விழித்தெழும் வரை

கேள்வி: மின்சாரம் நின்றதும் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் உடனே ஏற்றுக்கொள்கிறது, மின்விசிறிகூட நிற்பதில்லை. வைஃபை ரவுட்டர் மட்டும் அணைந்து, மீண்டும் இணைப்புக்கு வர 2 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. சிறிதளவு மின்னாற்றலைச் சேமித்து உடனே வழங்கும் மின்தேக்கியான சூப்பர் கெப்பாசிட்டரைக் கொண்டு இதைத் தவிர்க்க முடியுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: முடியும். ஆனால் அதற்கு முன் காசு செலவில்லாத ஒரு வழியைப் பார்த்துவிடுங்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்புறம் ‘யூபிஎஸ்’ முறைக்கு மாற்றும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதில் வைத்தால் பேட்டரிக்கு மாறுவது விரைவாக நிகழ்வதால், ரவுட்டர் அணையாமல் இருக்கக்கூடும். அதிலும் தீரவில்லை என்றால் சூப்பர் கெப்பாசிட்டர் தங்களுக்குப் பொருத்தமானதே.

தங்களுக்குத் தேவைப்படும் ஆற்றல் மிகச் சிறியது. ரவுட்டர் 7 வாட் எடுப்பதாகவும், இடைவெளி 0.2 வினாடி நீடிப்பதாகவும் கொண்டால், தேவை 1.4 ஜூல் மட்டுமே. சூப்பர் கெப்பாசிட்டர் செல் ஒன்று பொதுவாக 2.7 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால், 12 வோல்ட் ரவுட்டருக்கு 10 ஃபாரட் (மின்தேக்கியின் கொள்ளளவைக் குறிக்கும் அலகு) செல்கள் ஆறினை ஒன்றோடொன்று தொடராக இணைக்கலாம். அப்போது மொத்தக் கொள்ளளவு 1.67 ஃபாரட்டாகக் குறையும்; ஒவ்வொரு செல்லின் மீதும் 2 வோல்ட் மட்டுமே விழும். ரவுட்டர் 10 வோல்ட் வரை தடையின்றி இயங்கும் என்று வைத்துக்கொண்டால், இழப்புகள் போக ஏறத்தாழ 30 ஜூல், அதாவது சுமார் 4 வினாடி கிடைக்கும். தேவையைவிட இருபது மடங்கு எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். 1 ஃபாரட் போன்ற சிறிய செல்களில் உள்மின்தடை அதிகம். ஆறினைத் தொடராக இணைக்கையில் அதுவும் ஆறு மடங்காகி, ஆற்றல் மீதமிருக்கும்போதே மின்னழுத்தத்தைச் சட்டென்று சரித்துவிடும்.

செய்யும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, காலியான சூப்பர் கெப்பாசிட்டர் அடாப்டரின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு ஷார்ட் சர்க்யூட்டாகவே தெரியும். நேராக இணைத்தால் அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும், அல்லது பழுதாகும். ஆகவே 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக மெதுவாக நிரப்பி, மின்சாரம் வெளியே வரும் திசையில் மட்டும் அந்த ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு ஷாட்கி டையோடை (மின்னழுத்தத்தை அதிகம் இழக்காமல் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) வைக்க வேண்டும். நிரம்ப ஐந்தாறு நிமிடம் ஆகும். இரண்டாவது, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த செல்களும் துல்லியமாக ஒன்றுபோல் இருப்பதில்லை. தொடரில் ஒன்று அதிக மின்னழுத்தத்தைத் தன் மேல் இழுத்துக்கொண்டு விரைவில் கெட்டுப்போகும். ஒவ்வொரு செல்லுக்கும் இணையாக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் இந்தப் பங்கீடு சமமாகிவிடும். ஜெனரேட்டர் எழும் வரை காத்திருக்க வேண்டிய அடுக்குமாடி வீடு என்றால் 100 ஃபாரட் செல்களை இடலாம். அரை நிமிடத்துக்கு மேல் தாங்கும், ஆனால் அதே ரெசிஸ்டர் வழியாக நிரம்புவதற்கு ஒரு மணி நேரம்வரை பிடிக்கும்.

கேள்வி: அப்படியானால் இன்வெர்ட்டரின் பேட்டரியையே எடுத்துவிட்டு, பல ஆண்டுகள் உழைக்கும் சூப்பர் கெப்பாசிட்டரை வைத்துவிடலாமே? (நாகர்கோவில் வாசகி)

பதில்: இயலாது, அம்மா. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் 1,800 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. அரைக் கிலோ எடையுள்ள 3,000 ஃபாரட் செல் ஒன்றில் இருப்பதோ 3 வாட் மணி. அறுநூறு செல்கள், 300 கிலோ எடை! பத்து லட்சம் முறை நிரப்பிக் காலிசெய்யலாம் என்பது உண்மையே. எனினும் அந்த உழைப்பு, ஒரு நாளில் நூறு முறை நிரப்பிக் காலியாக்கும் இடத்துக்கே பயன்படும். ஷாங்காயில் 2006-இல் ஓடத் தொடங்கிய சூப்பர் கெப்பாசிட்டர் பேருந்துகள் அப்படிப்பட்டவை. நிறுத்தத்தில் பயணிகள் ஏறி இறங்கும் நேரத்திலேயே மின்னேற்றிக்கொண்டு அடுத்தடுத்த நிறுத்தங்களுக்குப் போயின.

கேள்வி: பழைய ஆடியோ கருவியில் கடிகாரமும் நினைவில் வைத்த வானொலி அலைவரிசைகளும் ஒவ்வொரு மின்தடையிலும் அழிந்துவிடுகின்றன. திறந்து பார்த்தேன், 5.5 வோல்ட், 0.1 ஃபாரட் என்று எழுதிய வட்டமான பேட்டரி ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் கைக்கடிகார பேட்டரி போடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: தயவுசெய்து போட வேண்டாம். அது பேட்டரி அன்று, சூப்பர் கெப்பாசிட்டர். ஜப்பானின் என்இசி நிறுவனம் 1978-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்ததே இவ்வாறு நினைவகத்தைக் காப்பதற்காகத்தான். 1 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும் நினைவகச் சில்லுக்கு, 5 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டுக்கு இறங்கும்வரை கணக்கின்படி மூன்றரை நாள் அது தாங்கும். தானாகக் கசியும் மின்சாரத்தால் நடைமுறையில் சற்றுக் குறையும். நீண்டகால வெப்பத்தில் அதனுள் இருக்கும் மின்பகுளி என்ற மின்கடத்தும் திரவம் வற்றிவிடுவதே தங்கள் கருவியின் குறையாக இருக்கக்கூடும். கருவி இயங்கும் நேரமெல்லாம் அதற்கு மின்னேற்றம் செய்துகொண்டே இருக்கும். மின்னேற்றக் கூடாத லித்தியம் பட்டன் பேட்டரியை அந்த இடத்தில் வைத்தால், அது கசியலாம், வெடிக்கவும் கூடும். அதே வோல்ட், அதே ஃபாரட் அளவுள்ள சூப்பர் கெப்பாசிட்டரையே வாங்கி, எதிர்முனைக் குறியைப் பழையது இருந்த திசையிலேயே வைத்து சால்டர் செய்யுங்கள்.