ஆங்கிலம் எழுதப் பழகுகிறவருக்கு சொல் எண்ணிக்கை, வாக்கிய நீளம், ரீடபிலிட்டி ஸ்கோர் (எழுத்து படிக்க எவ்வளவு எளிது என்று காட்டும் மதிப்பெண்) போன்ற கணக்குகள் உண்மையில் உதவுமா? ஸ்கோர் 45 காட்டுகிறது, 70க்குக் கொண்டுபோவது எப்படி? எண்ணுவதற்கு என்ன கருவி? ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன்.

உதவும். என் ஆங்கிலம் தேறியதே அப்படித்தான். ஆனால் நீங்கள் கேள்வியோடு சேர்த்துக் கேட்டிருப்பது போல, 'ஸ்கோர் 45 காட்டுகிறது, 70க்குக் கொண்டுபோவது எப்படி' என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் அதனால் பயன்.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போகும் வரை வாங்குகிறவரோடு தொடர்பு பார்க்கும் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். வேலைக்கு வந்த புதிதில் வெளிநாட்டு பையர்களுக்கு (சரக்கு வாங்குகிறவர்களுக்கு) தினமும் இருபது மெயிலாவது எழுத வேண்டியிருந்தது. லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயம் போட்ட மாதிரித் துணி) எப்போது வரும், சாம்பிள் அப்ரூவல் ஆயிற்றா, சரக்கு எந்தத் தேதியில் கிளம்பும், இவ்வளவுதான் விஷயம். இருந்தும் நான் எழுதி அனுப்பிய பதிலைப் படித்துவிட்டு பையர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். பதில் உள்ளே இருக்கும், அவர் கண்ணில் பட்டிருக்காது.

அப்போது நான் எழுதிய ஒரு வாக்கியம் இது: 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் மெயில் வி வுட் லைக் டு இன்ஃபார்ம் யூ தட் ஃபேப்ரிக் ஹேஸ் பீன் டிலேய்ட் இன் டையிங் டியூ டு விச் ஷிப்மென்ட் வில் பி டிலேய்ட் பை ஃபைவ் டேஸ் அண்ட் ஸோ வி ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி அப்ரூவ் தி சேம்.'

38 சொற்கள், 49 அசைகள் (சிலபிள்), ஒரே வாக்கியம். இதையே இப்போது இப்படி எழுதுவேன்: 'தி ஃபேப்ரிக் இஸ் லேட் ஃப்ரம் டையிங். தி ஷிப்மென்ட் வில் லீவ் ஃபைவ் டேஸ் லேட். ப்ளீஸ் அப்ரூவ் தி நியூ டேட்.' 18 சொற்கள், 22 அசைகள், மூன்று வாக்கியங்கள்.

இரண்டுக்கும் ஃப்ளெஷ் ஸ்கோர் போட்டுப் பார்ப்போம். ரீடபிலிட்டி ஸ்கோர்களில் ஒன்று இது, எண் கூடினால் படிக்க எளிது என்று பொருள். 206.835 என்ற எண்ணிலிருந்து இரண்டு கழித்தல்கள். ஒரு வாக்கியத்தின் சராசரிச் சொல் எண்ணிக்கையை 1.015ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஒரு சொல்லின் சராசரி அசை எண்ணிக்கையை 84.6ஆல் பெருக்கி அதையும் கழிக்க வேண்டும். முதல் வாக்கியத்துக்கு 59 வருகிறது, இரண்டாவதற்கு 97. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சொல்லுக்கு எத்தனை அசை என்று பார்த்தால் முன்பு 1.29, இப்போது 1.22. பெரிய வித்தியாசமே இல்லை. கூடிய 38 புள்ளியில் 32க்கு மேல் வாக்கியத்தை உடைத்ததால் மட்டும் கிடைத்தவை. அதாவது என் சொற்கள் ஏற்கெனவே எளிமையாகத்தான் இருந்தன. நானோ கடினமான சொல் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, பல மாதம் சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தது.

நீளம் ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தமிழ் பேசுகிற எல்லோருக்கும் இது பொருந்தும். 'நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயம் போட்டு, காயவைத்து, தைத்து, பேக் பண்ணி அனுப்பிவிட்டோம்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்லலாம். வினையெச்சங்கள் கோத்துக்கொண்டே போகும், கேட்கிறவருக்கும் சிரமம் இல்லை. ஆங்கிலத்தில் அந்த வசதி குறைவு. அங்கே அண்ட், விச், டியூ டு என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது, ஒட்டு கூடக் கூட யார் எதைச் செய்தார் என்பது மறைந்துபோகிறது. நம் மொழி நமக்குக் கொடுத்த பழக்கம் அது. கூச்சப்பட ஒன்றுமில்லை, இந்த ஓர் இடத்தில் மட்டும் கைவிட வேண்டும்.

அந்தச் சூத்திரத்தை 1948இல் வெளியிட்ட ருடால்ஃப் ஃப்ளெஷ் வியன்னாவில் பிறந்து, சட்டம் படித்து, 1938இல் அமெரிக்கா போனவர். அவருடைய தாய்மொழி ஜெர்மன். எளிய ஆங்கிலத்துக்கு அளவுகோல் செய்தவர் ஆங்கிலத்தை வேற்றுமொழியாகக் கற்றவர் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

மேலே இருக்கும் என் பழைய வாக்கியத்தை இன்னொரு முறை பாருங்கள். 38 சொற்களில் 'தி' (the) ஒரே ஓர் இடத்தில் வருகிறது, அதுவும் 'தி சேம்' என்ற அலுவலக வழக்கில். ஃபேப்ரிக்குக்கும் ஷிப்மென்ட்டுக்கும் முன்னால் இல்லை. தமிழில் இந்த உறுப்பே கிடையாது, 'அந்த' என்பது சுட்டிக் காட்ட மட்டும்தான். அதனால் விட்டுப்போனால் நம் காதுக்கு உறுத்துவதில்லை. காதுக்குத் தெரியாததைக் கணக்கு காட்டிக்கொடுத்தது. 1961இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து 500 பகுதிகளை எடுத்து, பிரவுன் பல்கலைக்கழகத்தில் சுமார் 10 லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பு ஒன்றைச் செய்தார்கள். அதில் 'தி' மட்டும் ஏறக்குறைய 70,000 முறை வருகிறது, அதாவது நூற்றுக்கு ஏழு. இந்த ஏழை எட்ட வேண்டும் என்று எல்லா இடத்திலும் 'தி' போட்டுவிடாதீர்கள். மெயிலில் அந்த விகிதம் வேறாக இருக்கலாம். நான் செய்தது இதுதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பையரின் பழைய மெயில்களில் 2,000 சொல், என் மெயில்களில் 2,000 சொல், இரண்டையும் தனித்தனி ஃபைலில் போட்டு எண்ணினேன். என் பக்கம் 'தி' மிகக் குறைவு, 'கைண்ட்லி' மிக அதிகம். அவர் 'கைண்ட்லி' எழுதவே இல்லை. பிறகு என் ஃபைலை அச்செடுத்து, ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் பென்சிலை வைத்து, 'இது எந்தத் துணி என்று அவருக்கு ஏற்கெனவே தெரியுமா?' என்று கேட்டுக்கொண்டே போனேன். தெரியும் என்றால் அங்கே 'தி' வர வேண்டும். மூன்று வாரம் இப்படி உட்கார்ந்ததில் கிடைத்தது பத்து வருடம் இலக்கணப் புத்தகத்தில் கிடைக்கவில்லை.

எண்ணுவதற்கு என்ன கருவி என்றும் கேட்டிருந்தீர்கள். கணினியில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் வேர்டே போதும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் என்று போனால் ரீடபிலிட்டி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் காட்டச் சொல்லும் கட்டம் இருக்கும், அதில் டிக் போடுங்கள். அடுத்த முறை எழுத்துப்பிழை சோதனை முடிந்ததும் சராசரி வாக்கிய நீளமும் ஃப்ளெஷ் ஸ்கோரும் வரும். இன்னும் ஆழமாகப் பார்க்க ஆன்ட்கான்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆன்டனி உருவாக்கியது. நம் கணினியிலேயே ஓடும், அதனால் விலையும் பையர் பெயரும் உள்ள மெயிலை யாரோ ஒருவருடைய இணையதளத்தில் ஒட்ட வேண்டியதில்லை. ஒரு சொல்லைத் தேடினால், அது வந்த எல்லா வரிகளையும் அந்தச் சொல் நடுவில் நிற்க வரிசையாக அடுக்கிக் காட்டும். நான் 'டிஸ்கஸ்' என்று தேடினேன். என் வரிகளில் அதற்கு அடுத்து 'அபவுட்' 'அபவுட்' என்று நெடுக நின்றது. 'பற்றிப் பேசினோம்' என்ற தமிழ் அப்படியே இறங்கியிருக்கிறது. பையரின் வரிகளில் டிஸ்கஸ் என்றதும் நேராகப் பொருள் வந்துவிடுகிறது, டிஸ்கஸ் தி ப்ரைஸ் என்பது போல. யாரும் திருத்தாமல் நானே கண்டுபிடித்த முதல் பிழை அது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

சொல்வளக் கணக்கில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். மொத்தச் சொற்களில் வெவ்வேறு சொற்கள் எத்தனை என்று ஒரு விகிதம் சில தளங்கள் தரும். எழுத்து நீள நீள அந்த விகிதம் தானாகவே இறங்கும், ஏனென்றால் தி, ஆஃப், அண்ட் எல்லாம் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். 100 சொல் மெயிலையும் 1,000 சொல் கட்டுரையையும் இதை வைத்து ஒப்பிட முடியாது. இரண்டிலும் முதல் 100 சொல்லை வெட்டி எடுத்து ஒப்பிட்டால் ஓரளவு சரி. அந்த எண்ணை ஏற்றுவதற்காக ஒரே மெயிலில் ஷிப்மென்ட், கன்சைன்மென்ட், கார்கோ என்று மாற்றி மாற்றி எழுதினேன். மூன்று தனித்தனி லோடு போகிறதா என்று பையர் கேட்டார். ஒரே பொருளுக்கு ஒரே சொல்தான் அங்கே சரி.

ஃப்ளெஷ் ஸ்கோரிலும் இப்படி ஓர் ஓட்டை உண்டு. ஒரு வாக்கியத்தின் சொற்களைத் தலைகீழாக அடுக்கினாலும் அதே மதிப்பெண்தான் வரும், ஏனென்றால் அது எண்ணுவது நீளத்தை மட்டும்தான். பொருள் சரியா, தொனி மரியாதையா, கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதற்கு ஆள் வேண்டும். என் மெயிலை அனுப்பும் முன் பக்கத்து இருக்கை அக்கா ஒருவர் படித்துப் பார்ப்பார். 'இதில் அவங்க என்ன செய்யணும்?' என்று மட்டும்தான் கேட்பார்.

நீங்கள் ஐஇஎல்டிஎஸ் எழுதப் போவதாகச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டாவது கட்டுரைக்குக் குறைந்தது 250 சொல் கேட்கிறார்கள். தாளில் எழுதும் தேர்வு என்றால், உங்கள் கையெழுத்தில் 250 சொல் எத்தனை வரி என்று இப்போதே எண்ணி வைத்துக்கொண்டால் தேர்வறையில் எண்ணி நேரம் போகாது. அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் தொகுதிகள்) இருக்கின்றன. மனப்பாடம் வேண்டாம், உங்கள் கட்டுரையில் அவற்றில் எவை வருகின்றன, எவை வருவதே இல்லை என்று பாருங்கள்.

ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் எண்ண வேண்டாம். முதல் மாதம் வாக்கிய நீளம் மட்டும். சராசரி 20க்குக் கீழே இருந்தாலும் ஏமாறாதீர்கள், ஒரு 45 சொல் வாக்கியம் நான்கு குட்டி வாக்கியங்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். அன்றைக்கு எழுதியதில் மிக நீளமான வாக்கியத்தைத் தேடி அதை மட்டும் உடைத்து எழுதுங்கள். தினமும் ஒன்று போதும். 'தி' அடுத்த மாதம்.